பிளீச் கொட்டிலின் காற்று

பழைய ஆலைக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் வெளியிடுகிற ஆலை மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் அண்ணை கேட்டார். லண்டன் இல்ஃபோர்ட்டில் அவருடைய கடைக்குள், முருங்கைக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு கேட்டார்.

“நல்ல விஷயமாய்ப் பார்த்து எழுதுங்கோ தங்கச்சி. இந்த வருசம் சனம் அழுதது காணும்.”

“என்ன நல்ல விஷயம் அண்ணை?”

“ஆலைச் சங்கு, வைக்கோல் போரில சறுக்கினது, சுடச்சுடப் பேப்பர் மணம்... உங்களுக்குத் தெரியாததே? உங்கட அப்பாவைப் பற்றி எழுதினாலே ஒரு பக்கம் நிறைஞ்சிடும். அவர் இல்லாட்டில் எங்கட ஆலையில வெள்ளைப் பேப்பரே வந்திராது.”

“எழுதுறன். ஆனா நான் எழுதிறதை வெட்டக்கூடாது.”

“ஏன், என்ன எழுதப் போறியள்?” அவருடைய முகம் கொஞ்சம் மாறிவிட்டது.

“நடந்ததை.”

ஆலைக் குவாட்டர்ஸில் என்னோடு வளர்ந்தவர்களே, இதை வாசிக்கப் போகிறவர்கள் நீங்கள்தான். உங்களில் பாதிப் பேருக்கு அறுபது தாண்டிவிட்டது. மற்றப் பாதிக்குத் தாண்டப் போகிறது. ஒன்றுகூடலுக்கு வந்தால் எல்லோரும் ஆலை ஒரு சொர்க்கம் என்கிறீர்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் தம்பி பிளேஸ்டோவில் முதலாம் மாடியில் இருக்கிறான். படியேறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறான். மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்சிசன் இயந்திரம். அவன் ஒரு நாளும் சிகரெட் குடித்தவனில்லை. அந்த நெஞ்சு எங்கே பழுதானது என்று உங்களில் பலருக்குத் தெரியும். உங்கள் தாய் தகப்பனுக்கு நன்றாகவே தெரியும். அதைத்தான் எழுதப் போகிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

முதலில் ஆலையைப் பற்றி. உங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அவர்கள் தமிழ் வாசிக்கமாட்டார்கள், அது வேறு கதை.

வன்னியில், குளக்கட்டுக்குக் கீழே காட்டை வெட்டி ஆலையைக் கட்டினார்கள். இயந்திரங்களைச் சோவியத் அரசாங்கம் கப்பலில் அனுப்பியது. ஒவ்வொன்றிலும் ஓர் இரும்புத் தகடு. அதில் எங்களால் வாசிக்க முடியாத எழுத்து. சனம் வண்டி கட்டிக்கொண்டு வந்து தேர் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனது. பனி விழும் நாட்டு மரத்தை அரைப்பதற்காகச் செய்த இயந்திரங்கள் அவை. எங்களிடம் இருந்தது வைக்கோல். வைக்கோலுக்குள் மணல்போல ஒன்று இருக்கும் போலிருக்கிறது. வெட்டுகிற கத்தியெல்லாம் மொட்டையாகிவிடும். ரஷ்ய எஞ்சினியர் கத்தியைப் பெருவிரலால் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு போவார். வயல்காரர் மாட்டுக்கு வைத்திருந்த வைக்கோலை ஆலைக்கு விற்றார்கள். பிறகு தீனி இல்லாமல் மாட்டையும் விற்றார்கள். இதைப் பற்றி ஒன்றுகூடலில் ஒருவரும் பாட்டுப் பாடுவதில்லை.

வைக்கோலைக் கோஸ்டிக் சோடாவோடு பெரிய உருளைகளில் அவிப்பார்கள். பழஞ்சோற்றுத் தண்ணீரையும் சவர்க்காரத்தையும் சேர்த்துக் கொதிக்க வைத்ததுபோல் ஒரு மணம். தலையணையிலும் அந்த மணம், சோற்றிலும் அந்த மணம். அவித்த கறுப்புத் தண்ணீரை வாய்க்காலில் விட்டார்கள். வாய்க்கால் மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. நுரை எங்கள் இடுப்பளவுக்கு நிற்கும். நாங்கள் அதை அள்ளித் தாடி வைத்து விளையாடினோம்.

நல்லதே இல்லை என்று சொல்லமாட்டேன். உலர்த்தும் உருளைகளிலிருந்து தாள் வரும்போது ஓரத்தை வெட்டி எறிவார்கள். அந்தத் துண்டு தோசைபோலச் சுடும். மடியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடுவோம். அந்தச் சூடு எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஒரு துண்டுகூட இப்போது யாரிடமும் இல்லை.

ஆனால் அந்தத் தாள் மஞ்சள். வைக்கோல் துணுக்கு அப்படியே தெரியும். பேனை வைத்தால் மை ஊறிப் பரவும். பள்ளிக்கூடக் கொப்பிக்கு உதவாது, கடையில் சாமான் சுற்றத்தான் சரி என்று கொழும்பு சொன்னது. வெள்ளைத் தாள் தாருங்கள், இல்லாவிட்டால் ஆலையால் நட்டம்தான், மூடிவிடுவோம் என்றது. அதற்காகக் கட்டியதுதான் ஆலையின் கடைசி மூலையில் இருந்த பிளீச் கொட்டில். இரும்புச் சிலிண்டர்களில் குளோரின் லொறியில் வந்தது. அதைச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் விட்டு, அந்தத் தண்ணீரால் கூழை வெளுப்பார்கள். கொட்டில் வாசலில் நின்றாலே கண் எரியும். உள்ளே போகிறவர்கள் ஈரத் துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு போவார்கள்.

எங்கள் அப்பா அந்தப் பகுதிக்குப் போர்மன், ஆட்களை மேய்த்து வேலை வாங்குகிறவர். அவரைப் பயிற்சிக்காகச் சோவியத் நாட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வரும்போது காதை மூடும் மயிர்த்தொப்பி ஒன்று கொண்டுவந்தார். வன்னி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு படம் எடுத்தார். படம் எடுத்து முடிய நெற்றியெல்லாம் வேர்க்குரு. மலரில் போடச் செயலாளர் அண்ணை கேட்கிற படம் அதுதான்.

இனித்தான் பால். இதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

பிளீச் கொட்டிலில் வேலை செய்கிறவர்களுக்கு நாளுக்கு ஒரு போத்தல் பால் கொடுக்க வேண்டும் என்று ரஷ்ய எஞ்சினியர் உத்தரவு போட்டார். அவர்களுடைய நாட்டில் அது வழக்கமாம். உடம்புக்குக் கேடான வேலை செய்கிறவனுக்கு ஆலை சும்மா பால் கொடுக்கும், அவன் அதை வேலையிடத்திலேயே குடிக்க வேண்டும். கொழும்பிலிருந்து வந்திருந்த மொழிபெயர்ப்பாளர் எல்லோரையும் கூட்டி வைத்து இதை ஒழுங்காகத்தான் சொன்னார். கேடு என்பதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. பால் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த நாளே எங்கள் வீட்டு வாசலில் ஆட்கள். எல்லோருக்கும் பிளீச் கொட்டிலுக்கு மாற்றம் வேண்டும். அடுத்த வீட்டு மாமா வைக்கோல் வெட்டுகிற பகுதியில் இருந்தார்.

“போர்மன், எனக்கும் ஒரு வழி பாருங்கோவன். வைக்கோல் வெட்டி என்னத்தைக் கண்டன்? அங்க நிக்கிறவன் பாலும் பழமுமாய் இருக்கிறான்.”

“பழம் ஆர் குடுத்தது?” என்று அப்பா சிரித்தார்.

“பால் வந்தாப் பழம் பின்னால வரும். நீங்கள் பாலுக்கு ஒரு வழி பண்ணுங்கோ.”

மாமாவுக்கு மாற்றம் கிடைத்தது. அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அங்கே ஒருவருமே குடிக்கவில்லை. போத்தலைச் சாரத்துக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். எந்தத் தகப்பனும் அப்படித்தான் செய்வான். அந்த வீடுகளின் பிள்ளைகள் கன்னம் வைத்து மினுமினு என்று ஆகிவிட்டார்கள். எங்களுக்குப் பொறாமை. போர்மன் கொட்டிலுக்குள் நின்று வேலை செய்கிறவரில்லை என்பதால் எங்கள் வீட்டுக்குப் பால் இல்லை.

மாரி முடிந்து பனி விழத் தொடங்கிய மாதம் குவாட்டர்ஸில் குக்கல் வந்தது. இருமி இருமி, கடைசியில் மூச்சை இழுக்கும்போது சேவல் கூவுகிறதுபோல் ஒரு சத்தம் வருமே, அந்த இருமல். எனக்கு வந்தது, தம்பிக்கு வந்தது, வரிசை வரிசையாக எல்லா வீட்டிலும் வந்தது. எனக்குப் பத்து வயது. தம்பிக்கு நாலு. பிளீச் கொட்டில் ஆட்களின் பிள்ளைகளுக்கு மட்டும் வரவில்லை.

தண்ணீர் எடுக்கிற பைப்படியில் அம்மாவும் மற்றப் பெண்களும் அடுத்த வீட்டு மாமியைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் வாளியோடு நின்றேன்.

“உன்ர பிள்ளையளுக்கு மட்டும் ஏன் வரேல்லை? என்ன குடுக்கிறாய்?”

“நான் என்னத்தைக் குடுக்கிறது? இந்த மனுசன் வேலை முடிஞ்சு வந்தா உடுப்பெல்லாம் அந்தப் பிளீச் மணம். வீடு முழுக்க அதுதான். சீலையை மூக்கில பிடிச்சுக்கொண்டுதான் படுக்கிறன்.”

“அப்ப அதுதான்! அந்தக் காத்துதான் வருத்தத்தைக் கொல்லுது.”

“ஓமடி. கிணத்துக்குப் போடுற மருந்தும் அதுதானே? கிணத்தில புழுவைக் கொல்லுறது நெஞ்சில புழுவைக் கொல்லாதே?”

ஒருவராவது பாலை நினைக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் பால் குடித்து உடம்பு தேறியிருந்தார்கள். அதனால் தப்பினார்களா, அல்லது முன்பே ஒருதரம் வந்து போயிருந்ததா, எனக்குத் தெரியாது. காற்றால் தப்பவில்லை என்பது மட்டும் தெரியும்.

அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா சிரித்து விரட்டியிருக்கலாம். விரட்டவில்லை. அவருடைய ஆலை குவாட்டர்ஸ் பிள்ளைகளுக்கு மருந்தும் தருகிறது என்றால் அவருக்குப் பெருமை. பின்னேரச் சங்கு ஊதி ஆட்கள் மாறும் நேரம் என்னைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். கொட்டிலின் பின்கதவைத் திறந்து வைத்து, “நல்லா இழு, இன்னும் இழு” என்றார். தொண்டைக்குள் கூரான ஒன்றைச் செருகியதுபோல் இருந்தது. கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓடியது. “சளி வெளிக்கிடுது பாத்தியே?” என்றார்.

சில நாட்களில் என் இருமல் நின்றது. அது தானாக வந்து தானாகப் போகும் வருத்தம். என் முறை முடிந்திருந்தது, அவ்வளவுதான். அப்பா என்னைப் பைப்படிக்குக் கூட்டிக்கொண்டுபோய் எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார்.

“இருமு பாப்பம்.”

எனக்கு இருமல் வரவில்லை.

“பாத்தியளே?” என்றார்.

அதற்குப் பிறகு பின்னேரமானால் கொட்டில் வாசலில் கோயில் பூசைக்குக் கூடியதுபோல் சனம். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. அம்மாவும் தம்பியைத் தூக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். உங்களில் பலரும் அங்கே நின்றீர்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அது உங்கள் அதிர்ஷ்டம். ஆலையின் நன்மை என்று அதைச் சொல்லாதீர்கள்.

ரஷ்ய எஞ்சினியரின் மனைவியை நாங்கள் ரஷ்ய மாமி என்போம். அங்கே ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்தவர். பிள்ளைகள் இல்லை. பின்னேரத்தில் நீலப் புள்ளிச் சட்டையோடு குளக்கட்டில் தனியாக நடப்பார். எங்களைக் கண்டால் கடிக்க முடியாத கல் இனிப்புத் தருவார். ஒரு நாள் அப்படி நடந்து வந்தவர் கொட்டில் வாசலில் எங்களைக் கண்டுவிட்டார். முதலில் என்ன நடக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் கத்திக்கொண்டு ஓடிவந்தார். என் கண்மடலை இழுத்துப் பார்த்தார். கதவைக் காலால் உதைத்துச் சாத்தினார். மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு வந்து அப்பாவின் முன்னால் நின்றார்.

“அது நஞ்சாம் ஐயா. பிள்ளையளைக் கிட்டவும் கொண்டு வரக்கூடாதாம். நீங்கள் படிச்ச ஆள், உங்களுக்குத் தெரியாதோ எண்டு கேக்கிறா.”

“நஞ்செண்டா நாங்கள் செத்தே போனம்? ஒவ்வொரு நாளும் அதுக்குள்ளதானே நிக்கிறம். நஞ்சுக்கு ஆராவது பால் குடுப்பினமே?”

“நஞ்செண்டபடியாத்தான் பால் குடுக்கினம் ஐயா.”

“தம்பி, நீர் கொழும்புப் பிள்ளை. அவ சொல்லுறதைச் சொல்லும், காணும். உம்மட விளக்கம் வேண்டாம்.”

சனம் சிரித்தது. ரஷ்ய மாமி போனபிறகு ஒருத்தி சொன்னாள்: “தனக்குப் பிள்ளை இல்லை. எங்கட பிள்ளையள் சுகமாய் இருந்தா அவளுக்குப் பொறுக்குதில்லை.” யாருடைய தாய் என்று நான் எழுதவில்லை. உங்களுக்கே தெரியும்.

பின்கதவைப் பூட்டி வைக்கும்படி எஞ்சினியர் உத்தரவு போட்டார். அந்தப் பூட்டின் திறப்பு அப்பாவிடம்தான் இருந்தது. எஞ்சினியர் அந்தப் பக்கம் இல்லாத நேரம் பார்த்துத் திறந்தார்.

வெள்ளைத் தாளைப் பார்க்க மந்திரி வருவதாக இருந்தது. கூழ் இன்னும் மஞ்சளாகவே வந்தது. மனேஜர் அப்பாவைப் போட்டு நெருக்கினார். அப்பா சிலிண்டரை இன்னும் அதிகமாகத் திறக்கச் சொன்னார். அந்தப் பின்னேரம் அம்மாவுக்குக் காய்ச்சல் என்பதால் தம்பியை அப்பாவே தூக்கிக்கொண்டு போனார். எனக்குச் சுகமாகிவிட்டதால் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் மற்றப் பிள்ளைகளோடு நின்றேன். கதவைத் திறந்த கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து யாரோ “போர்மன்! குழாய்!” என்று கத்தினார்கள். குழாய் மூட்டு ஒன்று விட்டுப்போயிருந்தது. அப்பா தம்பியை வாசற்படியில் இறக்கிவிட்டு, “இதில நில், வாறன்” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

குளோரின் பாரமான காற்று. மேலே போகாது, நிலத்தோடு ஊரும். அன்றைக்கு அது வாசலால் வெளியே வந்ததை நான் கண்ணால் கண்டேன். இளம் பச்சையும் மஞ்சளும் கலந்த புகை. நின்ற பெரியவர்களுக்கு இடுப்பளவுதான் வந்தது. அவர்கள் தங்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு இருமி இருமி ஓடினார்கள். பெரியவர்களின் இடுப்பு நாலு வயதுப் பிள்ளைக்கு வாயளவு. தம்பி இறக்கிவிட்ட இடத்திலேயே நின்றான். நில் என்று அப்பா சொல்லியிருந்தார்.

என்னை யாரோ பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் ரஷ்ய மாமி குளக்கட்டிலிருந்து இறங்கி ஓடிவந்தார். எல்லோரும் ஓடிவந்த திசைக்கு எதிராக ஓடினார். புகைக்குள் போய் அவனை எடுத்தார். மார்போடு அணைக்கவில்லை, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். அப்படியே, இரண்டு கையையும் நீட்டி, குளக்கட்டை நோக்கி ஏறி ஓடினார். மேடான இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்திருந்த ஒரே ஆள் அவர்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? “பிள்ளையைக் குளத்துக்குள்ள எறியப் போறாள்!” என்று ஒருவர் கத்தினார். சனம் துரத்தியது. கல் பறந்தது. குளக்கட்டின் மேல் அவர் அவனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, நனைத்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் அவருடைய தலைமயிரைப் பிடித்து இழுத்தார்கள். முகத்தைக் கீறினார்கள். அப்பா வந்து தம்பியைப் பறித்தார். தம்பியின் உதடு நீலம். வாயில் நுரை.

லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா காய்ச்சலோடு போனார். என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டார்.

“குக்கல் ஐயா. திடீரெண்டு மூச்சு முட்டிப் போச்சு.” அப்பா அவ்வளவுதான் சொன்னார்.

அம்மா பக்கத்தில் நின்றார், வாயைத் திறக்கவில்லை. சாகும்வரை இதை என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதார். டாக்டர் குக்கலுக்கு மருந்து கொடுத்தார். எரிந்துபோன நெஞ்சுக்கு ஒருவரும் ஒன்றும் பார்க்கவில்லை.

தம்பி வீட்டுக்கு வந்தான். மூச்சு விட்டால் பக்கத்து அறைக்குக் கேட்கும். பிள்ளைக்கு வெள்ளைக்காரியின் கண்ணூறு என்று பைப்படி தீர்ப்புச் சொல்லியது. அம்மா செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி, சட்டி நெருப்பில் போட்டார். அவனுக்குப் பக்கத்திலேயே வைத்து. அவன் இருமத் தொடங்கினான், நிற்கவே இல்லை. வேலிக்கு அப்பால் ரஷ்ய மாமி நின்றிருக்க வேண்டும். கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்தார், முகத்தில் கீறல் காயாமல். சட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிந்தார். அம்மா அவரை இரண்டு கையாலும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

கொழும்பிலிருந்து இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். கசிவு ஒன்றும் இல்லை, பிள்ளைகள் யாரும் அங்கே வருவதில்லை, அந்தப் பெண் புத்தி தடுமாறிப் பிள்ளையைப் பறித்துக்கொண்டு ஓடினாள், பிள்ளை பயந்துபோனான் என்று அப்பா சொன்னார். உங்கள் அப்பாமார் வரிசையாக நின்று அதையே சொன்னார்கள். “ஆலையை மூடினா இத்தனை குடும்பமும் எங்க போறது?” என்று அப்பா வீட்டில் கேட்டார். அது நியாயமான கேள்விதான். எனக்கு இப்போது அவருடைய பயம் விளங்குகிறது. ஆனால் டாக்டரிடம் மட்டுமாவது மெல்லமாக உண்மையைச் சொல்லியிருக்கலாம். பயந்த மனிதன் அதைக்கூடச் செய்யவில்லை.

ரஷ்ய மாமியை ஜீப்பில் ஏற்றி அனுப்பினார்கள். ஒருவரும் வழியனுப்பப் போகவில்லை. எஞ்சினியர் வேலை முடியும்வரை தனியாக இருந்துவிட்டுப் போனார். மந்திரி வந்தார். முதல் வெள்ளை உருளைக்கு மாலை போட்டார்கள். அப்பாவுக்குப் பதவி உயர்வு வந்தது. தம்பியின் இழுப்புச் சத்தம் கூடினால் அப்பா எழுந்துபோய் வானொலியின் சத்தத்தைக் கூட்டுவார். அதை நான் மன்னிக்கவில்லை. அவர் செத்துப் பல வருடமாயிற்று, இன்னும் மன்னிக்கவில்லை.

ஆலையின் மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும். ரஷ்யாவிலிருந்து உதிரிப்பாகம் வருவது குறைந்தது, பிறகு நின்றது. வெள்ளைத் தாள் மறுபடி மஞ்சளானது. யுத்தம் வந்தது. கொட்டிலில் யார் யாரோ முகாம் போட்டார்கள். கூரை போனது. இரும்பை வெட்டி விற்றார்கள். இந்த வருடம் வைகாசியில் யுத்தம் முடிந்த பிறகு அந்தப் பக்கத்தில் என்ன மிச்சம் என்று யாரிடமும் கேட்க எனக்குத் துணிவில்லை.

நான் ஜெர்மனிக்குப் போய், பிறகு இங்கே வந்தேன். ஹீத்ரோவில் விமானச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். தம்பியைப் பார்க்க ஹவுன்ஸ்லோவிலிருந்து பிளேஸ்டோவுக்கு லண்டனைக் குறுக்கே கடந்து போகிறேன். போன மாதம் நெஞ்சு டாக்டரிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். இளம் பெண் டாக்டர். சிகரெட் உண்டா, தூசி வேலை செய்தாரா, சிறுவயதில் ஏதாவது வருத்தமா என்று கேட்டார். நான் அவனுக்குத் தமிழில் சொன்னேன்.

“குக்கல் வந்தது எண்டு சொல்லு அக்கா” என்றான்.

நான் அதைச் சொல்லவில்லை. “நாலு வயதில் குளோரின் வாயுவைச் சுவாசித்தார்” என்றேன். டாக்டர் தட்டச்சை நிறுத்திவிட்டார்.

“நாலு வயதுப் பிள்ளை எப்படி அங்கே போனது?”

“எங்கள் அப்பா கொண்டுபோனார். மருந்து என்று நினைத்தார்.”

முன்பே தெரிந்திருந்தால் வேறு விதமாகப் பார்த்திருக்கலாமா என்று கேட்டேன். இப்போது அதைச் சொல்ல முடியாது என்றார். வருகிற குளிர்காலம் கடுமையாக இருக்கும், வீட்டில் ஆள் இருப்பது நல்லது என்றும் சொன்னார். அந்தப் பேச்சின் பொருள் எனக்கு விளங்கியது. தம்பிக்கும் விளங்கியது.

திரும்பிப் பஸ்ஸில் வந்தோம். அவனுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் இவ்வளவு காலமும் நான் நினைத்திருந்தேன். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

“அக்கா, எனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கு” என்றான். இரண்டு சொல்லுக்கு ஒருதரம் மூச்செடுத்துத்தான் பேசுவான். “அப்பா என்னைத் தலைக்கு மேல தூக்கிக்கொண்டு ஓடினவர். குளம் முழுக்கத் தெரிஞ்சுது. அப்பா காப்பாத்தினவர்தானே. நீ ஏன் அவரில இவ்வளவு கோவமாய் இருக்கிறாய்?”

யார் அவனுக்கு அப்படிச் சொன்னது? அப்பாவா? அல்லது அவனாகவே நினைத்துக்கொண்டானா?

“வேற என்ன ஞாபகம்?”

“கீழ பாத்தன். சட்டையில நீலப் புள்ளி. ஓடேக்க அந்தப் புள்ளியெல்லாம் ஆடிச்சுது.”

“அப்பா எந்தக் காலத்தில புள்ளிச் சட்டை போட்டவர்?”

யோசித்தான். நான் பூசி மெழுகுகிற ஆளில்லை. சாகக் கிடக்கிறவனிடம் பொய்யை விட்டுவைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பால், பின்கதவு, படி, புகை, குளக்கட்டு, கல், டாக்டரிடம் சொன்ன பொய், ஜீப். அப்பாவைப் பற்றிச் சொன்னபோது அவன் முகத்தைத் திருப்பிக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். அழுதானா என்று நான் பார்க்கவில்லை.

இறங்க வேண்டிய இடம் வர முன் ஒன்று மட்டும் கேட்டான்.

“அவவின்ர பேர் என்ன?”

எனக்குத் தெரியவில்லை. செயலாளர் அண்ணையிடம் கேட்டேன். “ரஷ்ய மாமி எண்டுதானே சொல்லுறனாங்கள்?” என்றார். மொழிபெயர்ப்பாளர் கனடாவில் இறந்துவிட்டார், அவருடைய மகளுக்கு ஆலையென்றால் என்னவென்றே தெரியாது. அத்தனை குடும்பங்கள் இருந்த குவாட்டர்ஸில், பிள்ளையைப் புகைக்குள்ளிருந்து எடுத்தவளுக்குக் கல்லால் எறிந்தோம், ஒருவரும் பெயர் கேட்கவில்லை.

எஞ்சினியர் சில நாள் குளக்கட்டுக்குக் கீழே நின்று மனைவியைக் கூப்பிடுவார். நாங்கள் பக்கத்திலேயே விளையாடிக்கொண்டிருப்போம். அவர் கூப்பிட்ட பெயர் என் காதில் விழுந்திருக்கத்தான் வேண்டும். எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. உங்களில் யாருக்காவது நினைவிருந்தால், அல்லது உயிரோடிருக்கும் உங்கள் தாய் தகப்பன் யாருக்காவது நினைவிருந்தால், எனக்குச் சொல்லுங்கள். தம்பி ஒவ்வொரு நாளும் போனில் கேட்கிறான். மலர் அச்சாகி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று சொல்லித்தான் இதைச் செயலாளர் அண்ணையிடம் இன்றைக்கே கொடுக்கிறேன், எல்லோருக்கும் வாசித்துக் காட்டட்டும். யாருக்காவது தெரிந்தால் கெதியாகச் சொல்லுங்கள்.